பூட்டாத வண்டி

அமெரிக்காவின் கென்டக்கி மலையடியில் பள்ளிப் பேருந்து ஓட்டும் லொரீன் ஸ்டாம்பருக்கு வயது அறுபத்திரண்டு. குதிரைகளைக் கறிக்கு வெட்டக் கூடாது என்று ஊர் ஊராக அலைந்து நானூறு கையெழுத்து வாங்கியவள். பாதிப் பேர் அவள் பேச்சிலிருந்து தப்பிக்கவே போட்டார்கள் என்பது வேறு விஷயம். நாட்டின் கடைசிக் குதிரைக் கசாப்புக்கூடம் மூடப்பட்ட அன்று ஊருக்கே கேக் கொடுத்தாள்.

பள்ளியில் அவளோடு ஒரே பெஞ்சில் படித்த டெல்பர்ட் பிராஷர் இரண்டு துண்டு தின்றுவிட்டு எதிர்க்கட்சி பேசினான். பன்னிரண்டு மைல் தள்ளி இருபது குதிரை வைத்திருப்பவன். இங்கே மூடினால் கிழட்டுக் குதிரைகள் சாகாமலா இருக்கும், மெக்சிகோ வரை லாரியில் தண்ணீரில்லாமல் நின்றபடி போய்ச் சாகும் என்பது அவன் வாதம். வெட்ட ஓரிடம் இருக்கிறவரை வளர்க்கிறவனுக்குப் பொறுப்பு வராது என்பது அவள் வாதம். இருவர் பேச்சிலும் நியாயம் இருந்ததால் சண்டை ஓயவில்லை.

அந்த வருஷம் கால்நடைச் சந்தையில் புதுப் பழக்கம் ஒன்று வந்தது. எல்லோரும் குதிரை ஏற்றிவரும் இழுவை வண்டியின் பின்கதவுக்குப் பூட்டுப் போட்டார்கள். திருட்டுப் பயமில்லை, வேண்டாத குதிரையை யாராவது ஏற்றிவிட்டுப் போய்விடுவார்களே என்ற பயம். நம் ஜனங்கள் அப்படிச் செய்ய மாட்டார்கள் என்று லொரீன் மட்டும் பூட்டவில்லை. ஏற்றிவந்த கன்றை விற்றுவிட்டு, சூப் குடித்துவிட்டு வந்து பார்த்தால், காலி வண்டிக்குள் எலும்பும் தோலுமாக ஒரு பழுப்புக் குதிரை நின்று அவளைப் பார்த்தது.

'விருந்தாளி' என்று பெயர் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள். விருந்தாளியோ எதையும் தொடவில்லை. ஓட்ஸ், கேரட், வெல்லப்பாகு எல்லாவற்றையும் மோந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமைக்குள் சாப்பிடாவிட்டால் ஊசி போட்டு வலியில்லாமல் அனுப்பிவிடலாம் என்றார் கால்நடை டாக்டர். லொரீன் லாயத்திலேயே உட்கார்ந்து அழுதாள். நானூறு கையெழுத்து வாங்கியும் ஒரு குதிரையைக் காப்பாற்றத் துப்பில்லையே என்று வெட்கமாக இருந்தது.

சனிக்கிழமை காலையில் டெல்பர்ட் வந்தான். கேலி பண்ண வந்தேன் என்று அவனே அறிவித்தான். ஆனால் கையில் ஊறவைத்த தீவன வாளி இருந்தது.

"ஊருக்கெல்லாம் சட்டம் சொன்னியே, இப்ப ஒண்ணுக்கே உன்னால சோறு போட முடியல பாத்தியா?" என்று சொல்லிக்கொண்டே வேலியில் சாய்ந்தான்.

நான்கு நாளாக அசையாமல் நின்ற விருந்தாளி நேரே அவனிடம் நடந்தது. உதட்டால் அவன் சட்டையின் இடது பையைக் கவ்வியது. பிரஸ் பட்டனை டிக்கென்று திறந்தது. உள்ளேயிருந்த பெப்பர்மிண்ட் மிட்டாயை எடுத்து மென்றது. பிறகு வாளிக்குள் தலையை விட்டது.

டெல்பர்ட் வானத்தைப் பார்த்தான். வானத்தில் ஒன்றுமில்லை.

"அந்தப் பட்டன் வித்தையக் கத்துக்க எத்தன வருஷமாச்சு?" என்றாள் லொரீன்.

"இருபத்தொண்ணு. லாரியில ஏத்தத்தான் கூட்டிட்டுப் போனேன் லொரீன். ஊசி போடவும் மனசு வரல. சந்தையிலயே பூட்டாத வண்டி ஒண்ணுதான் நின்னுச்சு. அது உன்னுதுன்னு தெரிஞ்சப்புறம்தான் நிம்மதியாச்சு."

திட்டுவதற்கு ஒரு வாரத்துக்கான வசவு அவளிடம் இருந்தது. குதிரை வாளியை நக்கும் சத்தத்தில் எல்லாம் மறந்துபோயிற்று. தினமும் காலையில் வந்து தீவனம் வைத்துவிட்டுப் போ என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த வியாழக்கிழமை ஊர்க்கூட்டம். மூடிய கசாப்புக்கூடத்தைத் திறக்கச் சொல்லித் தீர்மானம். டெல்பர்ட் எழுந்து வழக்கம்போல் மேசையைத் தட்டினான். கிழட்டுக் குதிரையிடம் பாசம் காட்டுவது வேலையற்றவர்களின் வேலை என்றான். கூட்டம் கைதட்டியது. எல்லோரும் லொரீனைத் திரும்பிப் பார்த்தார்கள். பெப்பர்மிண்ட் கதையை எடுத்துவிட்டால் அவன் அங்கேயே தீர்ந்தான். அவள் மெதுவாக எழுந்தாள்.

"டெல்பர்ட், இடது பை பட்டன் தொறந்திருக்கு. போட்டுக்க."

அவன் கை தானாக மார்புக்குப் போனது. மிச்சப் பேச்சு அதோடு நின்றது. உட்கார்ந்தவன் அன்று முழுக்க அந்தப் பையிலிருந்து கையை எடுக்கவில்லை.