பியாட்ரிஸ் அக்காவின் நெற்றி

தலைவலி டாக்டரிடம் யாரும் முதலில் வருவதில்லை. தைலம், பத்து, மந்திரித்த கயிறு எல்லாம் கைவிட்ட பிறகுதான் வருவார்கள். தலையைப் பிடித்துக்கொண்டு இதை வாசிக்கிற உங்களுக்கு இது சொல்லித் தெரியவேண்டியதில்லை.

உண்மையைச் சொல்லித் தொலைத்தேன்

தொண்ணூறுகளின் கடைசி. உதியன்குளங்கரையில் என் கிளினிக். காரோட்டிலிருந்து பெருங்கடவிளை சந்தைக்கு மீன் கொண்டுபோகும் பியாட்ரிஸ் அக்காவுக்குத் தினமும் தலைவலி. வெயில் ஏறினால் கூவ முடியாது. மிச்ச மீனை வந்த விலைக்குத் தள்ளிவிட்டுப் போய்ப் படுத்துவிடுவார். சந்தையில் அவர் இடத்துக்கு வேறொருத்தி துண்டு போட்டாயிற்று.

கண் துடிப்புக்கு நான் போட்டுவந்த பொட்டுலினம் ஊசியில் சிலருக்குத் தலைவலியும் குறைந்திருந்தது. அதை நெற்றியில் போட்டுப் பார்க்கலாம் என்றேன். என்ன மருந்து என்று கேட்டார். கெட்டுப்போன உணவில் உண்டாகும் விஷம், துளியிலும் துளி என்றேன். அக்கா எழுந்தே நின்றுவிட்டார்.

"இன்னிக்கு வரை ஒரு கெட்ட மீனு வித்ததில்ல டாக்டரே, எனக்க நெத்தியில கெட்டதுக்க வெஷத்தக் குத்தவா பாக்குதிய?"

கரண்ட் போன நாள்

சந்தை இடம் போய்விடும் என்ற பயம் கடைசியில் விஷப் பயத்தை வென்றது. குறித்த நாளில் மருந்து வந்த கையோடு கரண்ட் போனது. ஒரே குப்பியைப் பங்கிடவேண்டிய மற்ற இரு நோயாளிகளும் பாறசாலையிலிருந்து வந்துசேரவில்லை. குளிர் போனால் மருந்து வீண். எனக்கே தலை வலித்தது. அக்கா வெளியே போய்த் தன் மீன்பெட்டியிலிருந்து ஐஸை அள்ளி வந்தார். குப்பியைப் பாலித்தீன் பையில் கட்டி ஐஸுக்குள் புதைத்தோம். நர்ஸ் லீலா மூக்கைச் சுளித்தாள்.

"மருந்து தப்பிச்சு டாக்டரே. ஆனா இனி இதுக்குச் சாளை மணமாக்கும்."

பேரம்

மற்ற இருவரும் வந்துசேர்ந்த பிறகு மூவருக்கும் ஊசி போட்டேன். பலன் தெரிய நாளாகும் என்று சொல்லியும், அக்கா மூன்றாம் நாளே வந்து திட்டிவிட்டுப் போனார். அப்புறம் ஆளைக் காணோம். பயந்துபோய் நானே பெருங்கடவிளைக்குப் போனேன். உச்சி வெயிலில், தூரத்திலேயே கேட்டது அவர் கூவல். வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது. அக்கா பழைய இடத்திலேயே இருந்தார்.

ஊசி போட்ட நெற்றி கொஞ்ச காலம் சுருங்காது. குறைத்துக் கேட்பவர்களை முறைக்க முடியவில்லை என்று முதலில் தவித்தாராம். பிறகுதான் அதன் அருமை தெரிந்தது. முகத்தில் ஒன்றும் பிடிபடாததால், பேரம் பேசியவர்கள் தாங்களே சோர்ந்து கேட்ட விலையைக் கொடுத்தார்கள். வைத்தியம் பார்த்த உரிமையில் நானும் அயிலை மீனுக்குக் குறைத்துக் கேட்டேன். அந்த நெற்றி அசையவே இல்லை.

"எவ்வளவு நேரம் எனக்க மொகத்தப் பாத்தாலும் வெல எறங்காது டாக்டரே. நீங்க குத்தின நெத்தியாக்கும் இது!"

ஆக, பெருங்கடவிளையில் மீன் விலை ஏறியதற்கு முழுக் காரணமும் என்னுடைய ஊசிதான் என்பதை, சொன்ன விலைக்கே அயிலை வாங்கிக்கொண்டு சந்தோஷமாக ஒப்புக்கொள்கிறேன்.