நடுச்சுவர் இல்லாத வீடுகள்

"...சுவர எங்க தம்பி காணோம்? எனக்கும் மதினிக்கும் நடுவுல ஒரு சுவருதான இருந்துச்சு. நீங்க ஒரு தெருவையே போட்டு வச்சிருக்கீங்க!" என்று என் மடிக்கணினித் திரையைத் தட்டினார், புது வீட்டுக்குக் குடிவரப்போகும் ஓர் அக்கா.

பூனாகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், ஒற்றை அறைக் காம்பராக்கள் சுவரோடு சுவர் ஒட்டிய லயத்துக்குப் பதிலாகத் தனி வீடுகள் கட்டவிருந்தார்கள். படம் வரைந்தவன் நான். பண்டாரவளையில் ஒரு சின்ன அறை, ஒரு கணினி, கைபேசியில் பார்த்த பாடங்கள்; என் படிப்பு அவ்வளவுதான். ஒரு வீட்டை வரைந்து அதையே வரிசையாகப் பதித்துவிட்டேன். அன்று மாலை அந்தக் கோப்பு தொழிற்சாலைக்குப் போக வேண்டும். அங்கே இயந்திரம் அதைப் பார்த்து, கதவுக்கும் ஜன்னலுக்கும் இடம் விட்டுச் சுவர்ப்பலகைகளை வெட்டித் தள்ளும். வெட்டிய பிறகு ஜன்னலை இடம் மாற்ற முடியாது.

மதினி என்று அக்கா சொன்னது அடுத்த காம்பராவில் தனியாக இருப்பவரை. பனி இறங்கினால் மதினிக்கு இழுப்பு வந்துவிடும். அடுப்பு மூட்டிக்கொண்டே சுவருக்கு அந்தப் பக்கத்து மூச்சைக் கேட்பது அக்காவின் வழக்கம். மூச்சு விசிலடித்தால் சுடுதண்ணீரோடு ஓடுவார். என் படத்திலோ, அக்கா சமைக்கப்போகும் குசினியின் ஜன்னல் மதினி வீட்டு வெறுஞ்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

நானும் லயத்தில் பிறந்தவன்தான். "மொதக் காம்பராவுல தும்முனா கடைசிக் காம்பராவுல நூறு வயசும்பாங்க" என்று எங்கள் பக்கம் ஒரு பேச்சு உண்டு. பக்கத்து வீட்டுச் சண்டை, ரேடியோ, குழம்பு தாளிக்கும் சத்தம் எல்லாம் எங்கள் வீட்டுக்கும் சேர்த்துத்தான். அன்றைக்கு அதெல்லாம் தொல்லை. இன்றைக்கு என் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தால், காது அவற்றைத்தான் தேடுகிறது. அப்படிப்பட்ட நானே, இடைவெளி இருந்தால்தான் மரியாதை என்று நினைத்து வரைந்திருந்தேன்.

"ஒரு புள்ளயப் பெத்து ஊருக்கெல்லாம் அதே மூஞ்சிய ஒட்டுனா இப்புடித்தான்" என்றார் அக்கா. "மதினி வீட்ட ரொட்டி மாதிரித் திருப்பிப் போட முடியாதா?"

"முடியும்க்கா."

ஒரே சொடுக்கு. மதினி வீடு இடம் வலமாகப் புரண்டது. இரண்டு குசினி ஜன்னல்களும் எதிரெதிரே வந்து நின்றன.

"அட, இம்புட்டுத்தானா! நடுவுல எத்தன அடி?"

"பன்னெண்டு."

அக்காவின் முகம் மாறியது. மதினியையும் கூட்டிக்கொண்டு வீடுகளுக்கு முளை அடித்துக் கயிறு கட்டியிருந்த மேட்டுக்கு என்னை அழைத்துப் போனார். மதினியை அவர் குசினி வரப்போகும் இடத்தில் நிறுத்திவிட்டு, தன் குசினி மூலைக்கு வந்தார்.

"மதினி, பேசக் கூடாது. மூச்சு மட்டும் விடுங்க."

"நான் என்ன செத்தா போயிட்டேன், விடாம இருக்க?"

"அதான் பேசாதீங்கன்னேன்ல!"

அக்கா கண்ணை மூடிக்கொண்டு தலையைச் சாய்த்தார். தேயிலைக்கு மேலே காற்றுதான் போனது.

"கேக்கல தம்பி."

"கொஞ்சம் நெருக்கிப் போடலாம்க்கா, எடம் இருக்கு. எத்தன அடின்னு சொல்லுங்க, குறிச்சிக்கிறேன்."

அக்கா மூலை முளையைப் பிடுங்கினார். காதை முன்னே நீட்டிக்கொண்டு ஒவ்வோர் அடியாக மதினியை நோக்கி நடந்தார். ஓரிடத்தில் நின்றார். குனிந்து முளையை ஊன்றி, ஒரு கல்லை எடுத்து அடிக்கத் தொடங்கினார்.