கூறு போட்ட தோட்டாக்கள்

"12-06-1937, சனி. காலை எட்டு மணி, செயலாளர் வீடு. இரண்டு தொகுதியும் கலக்கப்பட்டுவிட்டன. பிற்பகல் தெரிவு."

என் குறிப்புப் புத்தகத்தில் அந்த நாளுக்கு இவ்வளவுதான் இருக்கிறது. ஒவ்வொரு நாளும் காற்றின் திசையையும் கிணற்று நீர்மட்டத்தையும் தவறாமல் எழுதிவந்தவன் நான். அன்று அவை இரண்டும் இல்லை. கடைசிச் சொல்லின் கீழே பென்சில் கடதாசியைக் கிழித்திருக்கிறது. அந்தக் கிழிசலைப் பார்க்கும்போது இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது. கோபத்தின் காரணத்தை ஒழுங்காக எழுதிவைப்பதே இந்தக் குறிப்பின் நோக்கம்.

நான் அப்போது நில அளவைக் கந்தோரில் படவரைஞன். கரவெட்டிப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு சிறிய துவக்குச் சங்கம் இருந்தது. அங்கத்தவர்கள் பதினொரு பேர். வடமராட்சியின் கிழக்கே, கடலுக்கு இப்பால் உள்ள மணற் குன்றுகளில் ஒன்றை முதுகாக வைத்து இலக்குப் பலகை நாட்டிச் சுடுவோம். அந்த வருடம் மலைநாட்டில் நடக்கவிருந்த நெடுந்தூரப் போட்டிக்கு நான்கு பேரை அனுப்பச் சங்கத்துக்கு முதல்முறையாக அனுமதி கிடைத்தது. எண்ணூறு யார் தூரத்தில் ஆளுக்குப் பத்து வெடி. கூடிய புள்ளி எடுக்கும் நால்வர் போவது என்று தீர்மானித்தோம். எனக்குத் தென்மாகாணத்துக்கு மாற்ற உத்தரவு வந்திருந்தது, ஆவணியில் போய்விடவேண்டும். ஆகவே அந்த நான்கு இடங்களில் ஒன்று அந்த முறை கிடைத்தால்தான் உண்டு. சுற்றிவளைக்காமல் சொல்கிறேன்: அதை நான் மிகவும் விரும்பினேன்.

எந்தத் தோட்டாவைச் சுடுவது என்பதைச் சோதித்துச் சொல்லும் பொறுப்பைச் சித்திரை மாதம் என்னிடம்தான் ஒப்படைத்தார்கள். சங்கத்திடம் பழைய மொட்டை மூக்குத் தோட்டாக்கள் கொஞ்சம் இருந்தன. முனையிலுள்ள ரவை கனமானது, காற்றுக்கு அசையாது என்று இரண்டொருவர் அதற்காக வாதாடினார்கள். கனம் உண்மைதான். ஆனால் அது மெதுவாகப் போவது. மெதுவாகப் போகும் ரவையைச் சோளகக் காற்று நீண்ட நேரம் தள்ளும். எங்கள் துவக்குகளின் குறிகாட்டியில் வெட்டியிருந்த தூர அளவுகளும் புதிய கூர் மூக்கு ரவைக்கு உரியவை. இரண்டு சனிக்கிழமை சுட்டுக் காட்டிய பிறகு மொட்டை மூக்கு கழிந்தது.

கூர் மூக்கிலே இரண்டு தொகுதிகள் வந்திருந்தன. ஒரே தொழிற்சாலை, ஒரே வருடம். தோட்டாவின் பின்பக்கத்தில் அடித்திருந்த குறியும் ஒன்றே. தொகுதி இலக்கம் கடதாசிப் பெட்டியின் மேலே ஒட்டிய துண்டில் மட்டும் இருந்தது. இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளவேண்டும். எல்லாக் கேடும் இதிலிருந்தே வந்தது.

நெல்மூடையில் துவக்கைச் சாய்த்து இரண்டையும் பலமுறை சுட்டுப் பார்த்தேன். முதல் தொகுதி ஒரு முழத்துக்குள் அடங்கியது. இரண்டாவதும் ஏறக்குறைய அவ்வளவுக்குள்தான் அடங்கியது. ஆனால் முதலாவதைவிட ஒன்றரை முழம் கீழே போய் விழுந்தது. வெடிமருந்தின் வேகம் வேறு. ஆக இரண்டில் எதை எடுத்தாலும் குற்றமில்லை, அதற்கேற்பக் குறிகாட்டியை ஏற்றி இறக்கிக்கொள்ளலாம். இரண்டையும் சேர்க்கக்கூடாது, அதுதான் ஒரே நிபந்தனை. முதல் தொகுதி எல்லோருக்கும் போதிய அளவு இருந்தது. அதையே தெரிவுக்கு ஒதுக்குங்கள் என்று முழுப் பக்கத்தில் எழுதி, அளவுப் படமும் கீறி, செயலாளரிடம் கொடுத்தேன்.

செயலாளர் இளைப்பாறிய பிறக்கிராசியார், அதாவது வழக்கறிஞர். வழக்குகளில் சமாதானம் செய்துவைப்பதில் பெயர் பெற்றவர். அவர் என் பக்கத்தை வாசித்தார் என்பதில் எனக்கு ஐயமில்லை. வாசித்தார். வாசித்துவிட்டுத்தான் செய்தார்.

சனிக்கிழமை காலை நான் சைக்கிளை மதிலில் சாத்திவிட்டு உள்ளே போனபோது முற்றத்துப் பந்தலின் கீழே பெரிய பனையோலைப் பாய் விரித்திருந்தது. பாயிலே பதினொரு கும்பலாகத் தோட்டாக்கள். வெறும் பெட்டிகள் ஒரு மூலையில் நசுங்கிக் கிடந்தன.

"வாரும் தம்பி," என்றார் செயலாளர், மிகுந்த திருப்தியோடு. "உமக்கு எந்தக் கூறு வேணும்? கண்ணை மூடிக்கொண்டு எடும். எல்லாம் ஒண்டுதான்."

"ஐயா, எந்தப் பெட்டியை உடைச்சனீங்கள்?"

"எல்லாத்தையும்தான். கொட்டி, நல்லாக் கலந்து, கூறு போட்டிருக்கு. இனி ஒருத்தரும் ஒண்டும் கதைக்கேலாது."

எங்கள் ஊரில் பங்கு இறைச்சி போடுவது இப்படித்தான். ஆட்டை வெட்டி, ஈரல், கொழுப்பு, எலும்பு, சதை எல்லாம் ஒவ்வொரு கூறிலும் விழும்படி பிரிப்பார்கள். எவனுக்கும் நல்லது மட்டும் போகாது, எவனுக்கும் எலும்பு மட்டும் போகாது. இறைச்சிக்கு அது அருமையான முறை. வாழ்நாளில் மச்ச மாமிசம் தொட்டறியாத அந்த மனிதருக்கு இந்த முறையில் எப்படி இவ்வளவு பற்று வந்தது என்று தெரியவில்லை.

"ஐயா, உது ஆட்டிறைச்சியே? இரண்டும் வேறை வேறை இடத்திலை அடிக்குதெண்டு எழுதித் தந்தனானெல்லோ?"

"தந்தனீர். அதாலைதான் கலந்தது. நீர் உம்மடை துவக்கிலை சுட்டுப் பாத்துத்தானே முதலாவதை நல்லதெண்டு சொல்லுறீர்? உமக்கு வாய்ச்ச தோட்டாவை எங்களுக்கு ஏன் திணிக்கிறீரெண்டு நாலு பேர் கேக்கினம். நான் என்ன மறுமொழி சொல்ல?"

"அப்ப இரண்டாவதை எடுத்திருக்கலாமே! எனக்கு எதெண்டாலும் ஒண்டுதான். ஏதாவது ஒண்டு!"

"அப்ப இரண்டாவது வாய்ச்சவன் எவனெண்டு தேடுவினம், தம்பி."

பாயின் மறுபக்கத்தில் குந்தியிருந்த பள்ளிக்கூட வாத்தியார் தலையை நீட்டினார். எங்களுள் நல்ல சூடுகாரர். நீர்வேலியில் வாழைத்தோட்டமும் உண்டு. "அண்ணை, எனக்கு நெஞ்செலும்பு வைச்ச கூறாப் பாத்துத் தாங்கோ," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. பாயை ஒரு பக்கத்தால் பிடித்து உதறிவிட்டுப் போகலாம் என்று கை துடித்தது. செய்யவில்லை. மரியாதை என்று அப்போது நினைத்தேன். இப்போது கோழைத்தனம் என்று நினைக்கிறேன்.

என் கூறில் இருந்து பன்னிரண்டை எடுத்துக்கொண்டு அடுத்த ஒழுங்கையில் இருந்த பத்தரிடம் போனேன். நகை நிறுக்கும் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்துத் தரச் சொன்னேன். அவர் அரைமணி நேரம் பொறுமையாக நிறுத்தார். ஒரு குன்றிமணி கூட, ஒரு குன்றிமணி குறைய என்று எல்லா விதமும் வந்தது.

"கூடக் குறைய இருக்கெண்டு சொல்லலாம், ஐயா," என்றார் பத்தர். "அது பித்தளையிலையோ ஈயத்திலையோ மருந்திலையோ எண்டு உடைக்காமல் ஆரும் சொல்லேலாது. உடைக்கட்டே?"

"வேண்டாம்," என்றேன். சந்தேகத்தை எடுத்துக்கொண்டு திரும்பினேன்.

பிற்பகல் சோளகம் பலமாக வீசியது. எனக்கு அதில் பயமில்லை. காற்று ரவையை இடம் வலமாகத் தள்ளும்; அதைக் கொடியைப் பார்த்துக் கணிக்கலாம். மேலும் கீழும் போவதுதான் தோட்டாவின் வேலை. புள்ளிக் கணக்கில் சேராத பழக்க வெடிகள் இரண்டையும் சுட்டேன். ஒன்று உயர, ஒன்று தாழ. எதை நம்பிக் குறிகாட்டியைத் திருத்துவது? நடுவிலே வைத்தேன். அது முட்டாள்தனம் என்று தெரிந்தே வைத்தேன், வேறு வழியில்லை.

எட்டு வெடிகள் நடு வட்டத்துக்கும் அடுத்த வட்டத்துக்கும் போயின. நான்காவதும் ஒன்பதாவதும் நேர் கீழே, பலகையின் கடைசி ஓரத்தில் விழுந்தன. இடமும் இல்லை, வலமும் இல்லை, நேர் கீழே. இலக்கின் கீழே வெட்டிய குழியில் இருந்து, வெடி பட்ட இடத்தைக் காட்டும் அடையாளத் தட்டு அங்கே எழும்பியபோது என் பின்னால் யாரோ 'ச்சு' கொட்டினார்கள்.

வாத்தியார் என்னிலும் ஒரு புள்ளி கூட எடுத்து நான்காம் இடத்துக்கு வந்தார். நான் ஐந்தாவது.

"அண்ணை, என்ரையும் மேலையும் கீழையுமாத்தான் போச்சு," என்றார் அவர். "ஆறு கலியாணவீடு, நாலு செத்தவீடு. வேணுமெண்டால் நீங்கள் போங்கோ, நான் நிக்கிறன்."

அவர் மனதாரச் சொன்னார் என்றே நம்புகிறேன். நான் மாட்டேன் என்றேன். பிச்சையாக வாங்க நான் அவ்வளவு நாள் சுடவில்லை.

செயலாளர் துண்டால் கழுத்தைத் துடைத்தபடி வந்தார். "பாத்தீரே தம்பி, எல்லாருக்கும் ஒரே மாதிரித்தான் அடிச்சிருக்கு. ஒருத்தருக்கும் குறையில்லை."

என்னால் இன்றுவரை மன்னிக்க முடியாத வார்த்தை அது. ஒருவனுக்கு அநியாயம் செய்தால் அவன் முறையிட ஒரு வாசல் இருக்கும். பதினொரு பேருக்கும் அளந்து சமமாக அநியாயம் செய்துவிட்டு அதற்கு நியாயம் என்று பெயர் வைத்தால் யாரிடம் போவது? அன்று மணலிலே பதினொரு பேரின் திறமையை அளக்கவில்லை. யாருடைய கூறில் எது எப்போது கைக்கு வந்தது என்பதை அளந்தார்கள். சீட்டுக் குலுக்கியிருக்கலாம், வெடிமருந்தாவது மிஞ்சியிருக்கும்.

ஆவணியில் நான் தெற்கே போனேன். இரண்டு வருடத்தில் யுத்தம் வந்தது. துவக்குகளை அரசாங்கம் திரும்ப எடுத்தது. சங்கமும் இல்லாமற் போயிற்று.

என் இரண்டு தாழ்ந்த வெடிகளின் வெற்றுத் தோட்டாக் கோதுகளையும் அன்றே பொறுக்கி எடுத்து உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தேன். மற்றவற்றில் உள்ள அதே குறி, அதே வருடம். அவை இரண்டாம் தொகுதியைச் சேர்ந்தவை என்று பலரிடம் உறுதியாகச் சொல்லியிருக்கிறேன். குறிப்புப் புத்தகத்துக்குப் பொய் சொல்ல விருப்பமில்லாததால் இங்கே திருத்துகிறேன்: அவை எந்தத் தொகுதி என்பதும், அந்த இரண்டு தரமும் பிழைத்தது தோட்டாவா என் தோளா என்பதும் சரிபார்க்கப்படவில்லை.