மூன்று ராஜாக்களைக் கீழே வைத்தவர்

அந்தப் பிளாஸ்டிக் வில்லைகளின் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. கோட்டையூரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் பாய்க்கு அவர் மகன் சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்த போக்கர் சீட்டாட்டப் பெட்டி அது. ஞாயிறு மதியங்களில் கடை மாடியில் நாங்கள் நான்கு பேர் ஆடுவோம். பாய், பாயின் மைத்துனர், நான், என் ஆய்வக உதவியாளர். நான் வேதியியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். உதவியாளர் என்னோடு முப்பது வருஷம் கல்லூரியில் வேலை பார்த்தவர். நான் சொன்ன அளவைத் திரும்பச் சரிபார்க்க மாட்டார். "சார் பாத்துட்டாகள்ல, பெறகென்ன" என்பார்.

பந்தயமாக வைக்கும் வில்லைக்கு மதிப்பில்லை, தோற்றால் பெட்டியிலிருந்து இன்னொரு கை அள்ளிக்கொள்ளலாம். அதனால் யாரும் சீட்டைக் கீழே வைத்து விலகுவதில்லை. கடைசிச் சீட்டு வரை எல்லோரும் உட்கார்ந்திருப்பார்கள். கையில் ஒன்றும் இல்லாமலே பந்தயத்தை ஏற்றி எதிராளியை விரட்டுவதுதான் இந்த ஆட்டத்தின் வித்தை என்று புத்தகத்தில் படித்திருந்தேன். இங்கே யார் பயப்படுவார்கள்? "ஓசிக் காசுல எல்லாரும் சூரப்புலிதான் பேராசிரியரே" என்று பாய் சிரிப்பார். ஆளுக்கு இருநூறு ரூபாய் வைத்து ஆடலாம் என்று சொன்னது நான்தான். பணத்தாசை இல்லை. என் கெட்டிக்காரத்தனத்தைப் பார்க்க ஆள் வேண்டியிருந்தது. அது பணத்தாசையைவிடக் கேவலம். உதவியாளர் தயங்கினார். "சார் சொன்னாச் சரி" என்று பையில் கைவிட்டார்.

மூன்றாவது ஞாயிறு. மற்ற இருவரும் விலகிவிட்டார்கள். பொதுவாக விரித்த ஐந்து சீட்டில் மூன்று ஆர்ட்டின். என் கையில் இரண்டு ஆர்ட்டின் இருந்தால் ஐந்தும் ஒரே இனமாகி ஜெயம் எனக்கு. ஒன்றுகூட இல்லை. என் முன்னால் இருந்த அத்தனையையும் நடுவில் தள்ளினேன். உதவியாளர் சீட்டைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"சார், நெசமாவே ஆர்ட்டின் வச்சிருக்கீகளா?"

"இருக்குப்பா" என்றேன்.

உடனே ஆட்டத்திலிருந்து விலகி, தன் சீட்டை மலர்த்தி வைத்தார். அவர் கையில் இரண்டு ராஜா, பொதுவில் ஒன்று. "மூணு ராசா இருந்துச்சு. சார் இருக்குன்ட்டாக, அப்புறம் எதுக்கு வீம்பு?" என்றார். அப்போதாவது நான் என் சீட்டைக் கவிழ்த்து வைத்திருக்கலாம். விரித்துக் காட்டினேன், பாடம் நடத்துகிறவனைப் போல. பாய் தொடையில் தட்டிச் சிரித்தார். "முப்பது வருச உப்பையும் கரைச்சுட்டீகளே, கெமிஸ்ட்ரி வாத்தியாரே!" உதவியாளரும் சிரிக்கப் பார்த்தார். வாய் மட்டும் விரிந்தது.

ஆட்டத்தில் பொய் சொல்லலாம் என்று எனக்கு நானே பலநாள் வாதாடிக்கொண்டேன். விதி அப்படித்தான். ஆனால் அவர் எதிராளியிடம் கேட்கவில்லை, என்னிடம் கேட்டார். மறுவாரம் முழங்கால் வலி என்று சொல்லி அனுப்பினார். அதன் பிறகு வரவேயில்லை. பணத்தைத் திருப்பிக் கொடுக்க வீட்டுக்குப் போனேன். "செயிச்ச காச எதுக்குத் தாரீக? காப்பி சாப்பிடுங்க சார்" என்றார். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. குறை இருந்திருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பேன்.

போன மாதம் கோவிலூர் பஸ் நிறுத்தத்தில் அவரைப் பார்த்தேன். மதுரை ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்திருந்தேன். வயிற்றில் கட்டி, நல்ல கட்டி இல்லை என்கிறார்கள் என்று சொன்னேன். முன்பென்றால், என் மனைவிக்குக் காய்ச்சல் என்றாலே கண் கலங்கிவிடுகிற மனிதர். இப்போது என் முகத்தைக் கூர்ந்து பார்த்தார். பிறகு என் கையிலிருந்த உறையை.

"ரிப்போர்ட்டக் குடுங்க சார்."

கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வெயிலில் நின்றபடியே, ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டிக் கடைசி வரி வரை படித்தார். படித்து முடித்த பிறகுதான் என் கையைப் பிடித்தார்.

"இங்குட்டு நெழலுக்கு வாங்க சார்" என்றார்.