ஒரு மூட்டை வெயில்

சாக்குக்காரர் ஊருக்கும் மழைக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. கொடியில் கடைசித் துணியைப் போடுவதற்குள் முதல் துணி காய்ந்து விறைத்து நிற்கும். மண்ணோ, சும்மா சொல்லக் கூடாது, முள்ளுச்செடியே முளைக்க யோசிக்கிற மண். அப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு இந்த மனுஷன் மற்றவர்கள் விளைச்சலுக்குச் சாக்கு தைத்துக்கொண்டிருந்தார். மலையிலிருந்து உருளைக்கிழங்கு வியாபாரிகளும் கடற்கரையிலிருந்து உப்பளக்காரர்களும் கிழிந்த சாக்குகளை லாரியில் அனுப்புவார்கள். இவர் கோணி ஊசியும் சணலுமாக ஒட்டுப் போட்டுத் திருப்பி அனுப்புவார். வேலை நடந்தது அவருடைய அப்பா கட்டிய பெரிய கொட்டகையில். விளைச்சலை வைக்கவென்று எந்த தைரியத்தில் கட்டினாரோ, அதில் இதுவரை ஒரு படி தானியம் வைத்தவர் இல்லை.

வாடிக்கையே சம்பந்தமாகிவிட்டது. மூத்த மகளை மலைக்கும் இளையவளைக் கடற்கரைக்கும் கொடுத்தார். பிடித்தது வினை. மலைச் சம்பந்தி கிழங்கை மூட்டை மூட்டையாக அனுப்பினார். நான் மட்டும் இளைத்தவனா என்று கடற்கரைச் சம்பந்தி உப்பை மூட்டையோடு அனுப்பினார். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் இருக்கிற வீட்டில் ஒரு மூட்டை உப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஏழு ஜென்மத்துக்குக் காணும். பதிலுக்கு இவரால் அனுப்ப முடிந்தது சாக்குதான், அதுவும் காலிச் சாக்கு.

மலையில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கடற்கரைச் சம்பந்தியம்மாவுக்குத்தான் வாய் சும்மா இருக்காது. இளையவளுக்குக் குழந்தை பிறந்து, பார்க்க வந்த உறவுக்கூட்டத்தின் நடுவில், "எங்க சம்பந்தி ஊர்ல விளையறது வெயில் ஒண்ணுதான். அதை எப்படிச் சாக்குல போட்டு அனுப்புவார், பாவம்?" என்றாளாம். எல்லோரும் சிரித்தார்கள். மகளும் சிரித்து வைத்தாள். பிறகு குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அப்பாவுக்குப் போன் செய்து அழுதாள். தன்னை என்ன சொன்னாலும் தொலையட்டும், பெற்ற பெண் அந்த வீட்டில் தலைகுனிந்து நிற்கிறாளே என்று சாக்குக்காரருக்குச் சோறு இறங்கவில்லை.

ரோஷம் வந்து, கொட்டகை ஓரத்தில் சுரை விதை போட்டார். குளித்த தண்ணீர், பாத்திரம் கழுவிய தண்ணீர் எல்லாம் அதற்குத்தான். மனைவி குடிக்க வைத்திருந்த சொம்பைக்கூட ஒருநாள் தூக்கிக்கொண்டு போய் ஊற்றிவிட்டார். ஊரே வேடிக்கை பார்த்தது. கடைசியில் ஒரே ஒரு காய் பிடித்தது, கைமுட்டி அளவில். அதற்கு அளவெடுத்தாற்போல ஒரு குட்டிச் சாக்கு தைத்து எடுத்துக்கொண்டு வெளியே வந்தால், பக்கத்து வீட்டு ஆடு காம்பை மென்றுகொண்டிருந்தது. அவர் அந்த ஆட்டைத் திட்டியதை இங்கே எழுத முடியாது.

அந்த வருஷம் மலையிலும் கடற்கரையிலும் மழை ஊற்று ஊற்றென்று ஊற்றியது. மலையில் தோண்டியெடுத்த கிழங்கு போட்ட இடத்திலேயே அழுக ஆரம்பித்தது. கடற்கரையில் குவித்து வைத்த உப்பு, வந்த கடலுக்கே திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. இரண்டு சம்பந்திகளும் ஒரே காலையில் போன் செய்தார்கள். கொட்டகை காலியாகத்தானே இருக்கிறது என்று இரண்டு பேரும் குரலைத் தாழ்த்திக் கேட்டார்கள், அந்த இன்னொரு சம்பந்திக்குத் தெரிய வேண்டாம் என்றும் சொன்னார்கள். சாக்குக்காரர் இரண்டு பேரையும் வரச் சொல்லிவிட்டார்.

தெருவில் இரண்டு லாரியும் மூக்கோடு மூக்கு முட்டி நின்றன. யார் சரக்கு எந்தப் பக்கம் என்று அங்கேயே தகராறு. சாக்குக்காரர் ஜம்பமாக நடுவில் வந்து நின்றார். உப்பு ஈரத்தை இழுக்கும், கிழங்கு ஈரத்தை விடும், ஒட்டி வைத்தால் இரண்டும் குட்டிச்சுவர் என்று சொல்லி, ஆளுக்கொரு மூலை ஒதுக்கி, நடுவில் தன் கட்டிலைப் போட்டார். சரக்கைக் காவல் காக்கிறேன் பேர்வழி என்று இரண்டு பேரும் அங்கேயே தங்கிவிட்டார்கள். ஸ்வெட்டரோடு வந்த மலைச் சம்பந்தி ஸ்வெட்டரைக் கழற்றி, சட்டையைக் கழற்றி, கடைசியில் பனியனோடு விசிறிக்கொண்டிருந்தார்.

வீட்டில் உப்பு மூட்டை இருந்தும், மரியாதைக்காக, சமையலுக்கு மனைவி அவரிடம் கொஞ்சம் கிழங்கும் இவரிடம் ஒரு கை உப்பும் கேட்டு வாங்கினாள். பந்தியில் கடற்கரைச் சம்பந்தியால் வாயை வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை. "உப்பு இல்லாட்டி உங்க கிழங்கு வெறும் களிமண்ணு" என்றார். "கிழங்கு இல்லாட்டி நீங்க உப்பை நக்கிட்டு இருக்க வேண்டியதுதான்" என்றார் மலைச் சம்பந்தி. சொல்லிக்கொண்டே இருவரும் மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள்.

சாப்பிட்டுக் கை கழுவியதும் கடற்கரைச் சம்பந்தி லாரிக்குப் போய், பிளாஸ்டிக் தாளில் கட்டிய ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்தார். காலையிலிருந்தே அதை எடுப்பதா வேண்டாமா என்று தவித்திருக்கிறார்.

"வீட்ல குடுத்து விட்டா. குழந்தைத் துணி. அங்க எதுவுமே காய மாட்டேங்குது. கொஞ்சம்... வெயில்ல போட்டு..." என்று இழுத்தார்.

சாக்குக்காரருக்கு நாக்கு நுனிவரை பதில் வந்தது. எத்தனை நாளாகச் சேர்த்து வைத்திருந்த பதில்! சம்பந்தி நிற்கிற நிற்பைப் பார்த்து விழுங்கிவிட்டார். பொட்டலத்தை வாங்கி மனைவியிடம் கொடுத்தார். புழுங்கிப்போன துணிகளை அவள் மறுபடி அலசிக் கொடியில் போட்டாள். திரும்பிப் பார்ப்பதற்குள் எல்லாம் மொறமொறவென்று ஆகிவிட்டன.

அவர் புதுச் சாக்கு ஒன்றை எடுத்து, உள்ளே வெள்ளை வேட்டியை விரித்து, சூடு ஆறாத துணிகளை மடித்து அடுக்கினார். பிறகு கோணி ஊசியை எடுத்து வாயைத் தைக்க உட்கார்ந்தார்.

"குழந்தைத் துணிக்கு யாராவது கோணி ஊசி போடுவாங்களா? சும்மா முடிச்சுப் போடுங்க" என்றாள் மனைவி.

அவர் காதில் வாங்கவில்லை. இத்தனை வருஷமும் காலிச் சாக்கையே அனுப்பிப் பழகிய கை, அன்றைக்குத்தான் தன் வீட்டுச் சாக்கு ஒன்றுக்கு வாய் தைத்தது. அடுத்து கடற்கரைக்குப் போன லாரியில் அது போய்ச் சேர்ந்தது.

மகள் போன் செய்தாள். இந்தத் தடவை குளியலறையிலிருந்து இல்லை, கூடத்தில் ஆட்கள் பேசுகிற சத்தம் கேட்டது.

"அப்பா, அத்தை தெரு முழுக்கச் சொல்லிட்டு வந்திருக்காங்க."

அவர் ஊசியைக் கீழே வைத்தார். "என்னம்மா சொன்னாங்க?"

"எங்க சம்பந்தி ஒரு மூட்டை வெயில் அனுப்பியிருக்கார்னு. இப்ப தெருவே ஈரத்துணியோட நம்ம வாசல்ல நிக்குது. லாரில ஏத்தி விடட்டுமான்னு கேக்கச் சொன்னாங்க."

சாக்குக்காரர் தோள் துண்டால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டார். போனைக் கையால் பொத்திக்கொண்டு, மனைவியை இன்னும் இரண்டு கொடி கட்டச் சொன்னார்.