அப்பாவின் வடிகால் நோட்டு

அப்பாவின் முதலாண்டு நினைவு நாளில் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும், மூத்த மகளாகிய நான் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நல்லதை மட்டும் எழுது என்றார் அம்மா. ஆனால் அப்பா இறந்த பிறகு பதின்மூன்று நாட்கள் அவரைப் பொய்யர் என்றே நினைத்திருந்தேன். அதை மறைத்து அவர் புகழ் பாட எனக்கு மனம் வரவில்லை.

அப்பா எங்கள் மலையில் நாடு எனப்படும் ஊர்த்தொகுதிகளில் ஒன்றான திண்ணனூர் நாட்டில், சாமையும் மரவள்ளியும் பயிரிடும் குடும்பத்தில் பிறந்தார். படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. மலை உச்சியில் பாக்சைட் வெட்டத் தொடங்கியபோது கல் சுமக்கப் போனார். எழுதப் படிக்கத் தெரிந்ததால் வடிகால் வேலைக்கு மாற்றினார்கள். வெட்டிய குழியைச் சுற்றியுள்ள வடிகால்களில் மண் அடையாமல் பார்க்க வேண்டும். சேறு கலந்த மழைநீரைக் குட்டையில் தேக்கி, தெளிந்த பிறகே மதகு வழியாகக் கீழே விட வேண்டும். செய்ததை அன்றன்று நோட்டில் எழுத வேண்டும். சுற்றுச்சூழல் ஆய்வுக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது அந்த நோட்டைத்தான். சுரங்கம் நின்று எல்லோரும் இறங்கிப் போன பிறகும் குழி மூடப்படவில்லை. அதனால் அப்பா மட்டும் படுக்கையில் விழும்வரை மேலே போய் வந்தார்.

நான் சிறுமியாக இருந்தபோது ஒரு தவறு நடந்தது. ஆய்வு வருகிறது என்று மேற்பார்வையாளர் அவசரப்படுத்தவே, வரப்போகும் ஒரு வாரத்துக்கும் சேர்த்து "வடிகால் சுத்தம்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு, அப்பா அத்தையின் கல்யாணத்துக்காக வாழவந்தி நாட்டுக்குப் போய்விட்டார். அந்த வாரம் மழை கொட்டித் தீர்த்தது. மூன்றாம் மதகு அடைபட்டு, குட்டையின் கரை உடைந்தது. கீழே நம் சனங்களின் வயல்களில் சிவப்புச் சேறு முழங்கால் அளவு நின்றது. ஒருவரும் அப்பாவை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் அவரை அரித்தது.

"எழுதுனது பொய்யாப் போச்சு மாப்ளே. இனி நாளைக்குன்னு ஒரு எழுத்து எழுத மாட்டேன். எழுதுனா, செத்தாலும் வந்து செஞ்சுருவேன்" என்று அவர் அம்மாவின் தம்பி சின்னசாமி மாமாவிடம் சொன்னபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். அதன் பிறகு எந்த அதிகாரி மிரட்டியும் அவர் முன்கூட்டி எழுதியதில்லை. எங்கள் வீட்டில் பிடிவாதத்துக்குப் பஞ்சமே கிடையாது.

கடைசி இரண்டு மாதம் மூச்சுத் திணறலோடு படுத்த படுக்கையாகக் கிடந்தார். அப்போதும் நோட்டு தலையணைக்கு அடியில் இருந்தது. இறந்த மூன்றாம் நாள் அதை எடுத்துப் பார்த்தேன். அவர் இறந்த தேதிக்குப் பிறகும் பக்கங்கள் எழுதப்பட்டிருந்தன. நடுங்கும் கையெழுத்து, ஆனால் அவருடையதுதான். எனக்கு ஆத்திரமாக வந்தது. நீங்களுமா அப்பா என்று படத்தைப் பார்த்துக் கேட்டேன்.

"அவுரு பொய் எழுத மாட்டாருங் கண்ணு" என்றார் அம்மா. நான் நோட்டை மூடி வைத்துவிட்டேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் பந்தல் போட்டிருந்தோம். விடிந்ததும் மழை பிடித்தது. என்னவோ தோன்றி நோட்டில் அன்றைய தேதிப் பக்கத்தைப் பிரித்தேன். "காலை மழை. மூன்றாம் மதகில் பாறை விழுந்து அடைப்பு. எடுத்தாச்சு. ஆட்கள் நான்கு" என்று இருந்தது. மாமாவிடம் காட்டினேன்.

"மச்சான் எழுதியிருந்தா போய்ப் பார்த்துருவோஞ் சாமி. பந்தி அப்பறம் வெச்சுக்கலாம்."

மாமா, அவர் மகன் முருகேசன், நான் என்று மூன்று பேர் ஏறினோம். மதகின் வாயில் பாறை கிடந்தது. குட்டை தளும்பி நின்றது. இன்னும் ஒரு சாண் ஏறினால் கரை போய்விடும். கீழே பந்தலில் ஊரே உட்கார்ந்திருந்தது. மூவரும் ஒரே பக்கம் நின்று கடப்பாரையால் நெம்பினோம். பாறை அசையவில்லை. மறுபடி நெம்பியபோது யாரோ கை கொடுத்ததுபோல் லேசாகிப் புரண்டது. தண்ணீர் இரைச்சலோடு இறங்கியது.

முருகேசன் எதிர்ப்பக்கச் சேற்றையே பார்த்தான். அங்கே கடப்பாரை ஊன்றிய குழி புதிதாக இருந்தது. "அந்தப் பக்கம் ஆருங்கப்பா நின்னது?" என்றான். மாமா தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டார். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். பயத்தில் அல்ல, அப்பாவைச் சந்தேகித்த வெட்கத்தில்.

அப்பாவின் கடைசி நாட்களில் மேடேறி வந்து ஊசி போட்ட செவிலியர் அம்மாவுக்கும், ஆக்சிஜன் சிலிண்டர் வரும்வரை சோளக்காடு நிறுத்தத்தில் பஸ்ஸை நிறுத்தி வைத்திருந்த ஓட்டுநர் அண்ணனுக்கும், பதினாறாம் நாள் பசியோடு காத்திருந்த உங்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

நோட்டில் இன்னும் ஒரு பக்கம்தான் எழுதப்பட்டிருக்கிறது. அது இன்றைய தேதி. "மதியம் மழை. கிழக்கு வடிகால் சரிவு. தூர் வாரியாச்சு. ஆட்கள் பதினொன்று."

சாப்பாடு முடிந்ததும் மண்வெட்டியோடு மேலே கிளம்புகிறோம். என்னையும் சேர்த்துப் பத்துப் பேர் ஆகிவிட்டது. தயவுசெய்து இனி யாரும் பெயர் கொடுக்க வேண்டாம்.