வளைவில் திறந்து கிடந்த கதவு

எங்கள் கார் பேச்சை நிறுத்திவிட்டதை முதலில் கண்டுபிடித்தவன் நான்தான். பெருமைப்பட இதில் ஒன்றும் இல்லை. வேறு யாரும் கல்லாவில் உட்கார்ந்துகொண்டு அதை நிமிஷத்துக்கு ஒரு தரம் எட்டிப் பார்ப்பதில்லை.

பழைய எலக்ட்ரிக் கார் அது. வேறொருவர் ஓட்டிச் சலித்த பிறகு எங்கள் கைக்கு வந்தது. எனக்குக் கள்ளக்குறிச்சியில் உரக்கடை. என் மனைவிக்குக் கல்வராயன் மலை மேலே, ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ் வேலை. திங்கட்கிழமை காலையில் காரில் ஏறிப் போனால் அங்கேயே குவார்ட்டர்ஸில் தங்கி, வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் இறங்கி வருவாள். காருக்குள் கம்பெனியே பொருத்தின சிம் ஒன்று உண்டு. வண்டி எங்கே நிற்கிறது, பேட்டரி எவ்வளவு, கதவு சாத்தியிருக்கிறதா என்று எல்லாவற்றையும் என் போனுக்குச் சொல்லிவிடும். மேப்பில் நீலமாக ஒரு புள்ளி. வெள்ளிக்கிழமைகளில் அந்தப் புள்ளி மலையிலிருந்து நெளிந்து நெளிந்து இறங்கி, கோமுகி அணையைத் தொட்டு, கச்சிராயபாளையம் தாண்டுகிற வரைக்கும் யூரியா கேட்டவருக்குப் பொட்டாஷ்தான் போகும்.

ஒரு நாள் புள்ளி சாம்பல் நிறமாகி, கச்சிராயபாளையம் கறிக்கடை வாசலில் நின்றுபோனது. கார் எங்கள் வீட்டு வாசலில் நிற்கிறது. போனைக் கேட்டால் கறிக்கடையில் நிற்கிறது. விசாரித்ததில், உள்ளே இருக்கிற பெட்டி பழைய தலைமுறை சிக்னலில் பேசுகிறதாம். டவர்காரர்கள் அந்த சிக்னலையே எடுத்துவிட்டார்களாம். வண்டியில் ஒரு கோளாறும் இல்லை. கேட்க ஆள் இல்லாமல் பேசிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

"கார் நல்லாத்தாங்க ஓடுது," என்றாள் மனைவி. "உங்களுக்குத்தான் ஓடல."

எனக்குப் பயம் வருவது மற்றவர்களுக்குக் கொட்டாவி வருவது மாதிரி. பக்கத்தில் யாராவது பயந்தால்கூடத் தொற்றிக்கொள்ளும். ஆனால் முன்பு நான் இப்படி இல்லை. என் தம்பி அதே மலைப்பாதையில்தான் போனான். மரவள்ளி போடுகிறவர்களைப் பார்த்துவிட்டு பைக்கில் இறங்கிக்கொண்டிருந்தான். மழை. போன் போட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு பெண் குரல் இனிமையாகச் சொன்னது. "மலையில இன்னா சிக்னல் கிடைக்கும், மேலயே தங்கியிருப்பான்," என்று வீட்டில் எல்லோருக்கும் நான்தான் தைரியம் சொன்னேன். சாப்பிட்டேன். தூங்கினேன். மறுநாள் ஆடு ஓட்டிப் போனவர்கள் வளைவுக்குக் கீழே பார்த்துச் சொல்லி அனுப்பினார்கள். ரொம்ப நேரம் உயிர் இருந்திருக்கும் என்றார் டாக்டர். வாழ்க்கையில் நான் பயப்படாமல் இருந்த கடைசி ராத்திரி அது.

அதற்குப் பிறகு நான் மலை ஏறியதில்லை. அடிவாரத்தோடு சரி. மனைவிக்கு மேலே வேலை மாறியபோது, கொஞ்ச நாள் நோய்வாய்ப்பட்டவன் மாதிரி படுத்துப் பார்த்தேன். அவள் நர்ஸ். அந்த நடிப்பு அவளிடம் செல்லுபடியாகவில்லை.

ஆகவே பெட்டியை மாற்றியே தீருவது என்று முடிவெடுத்தேன். உளுந்தூர்பேட்டையில் நிறுத்தி சார்ஜ் ஏற்றிக்கொண்டு, புதுச்சேரி சர்வீஸ் சென்டருக்குப் போனோம். மெக்கானிக் டேஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்து, சோப்பு டப்பா அளவில் ஒரு கறுப்புப் பெட்டியை வயரோடு வெளியே இழுத்தார். திடீரென்று முன்னால் இருந்த திரை அணைந்தது. உள் விளக்கும் அணைந்தது.

"செத்துட்டுதா?" என்றேன்.

"சின்ன பேட்டரி ஒயர கழட்டி வுட்டிருக்கேன் சார். நீங்க போயி டீ சாப்பிடுங்க. நீங்க நிக்கிறதப் பாத்தா ஐசியூ வாசல்ல நிக்கிற மாதிரி இருக்குது."

டீ சாப்பிட்டேன். திரும்பி வந்தேன். மறுபடியும் அனுப்பினார். புதுப் பெட்டி, புது சிம், கூரை மேலே புது ஆன்டெனா. சாப்ட்வேர் ஏறுகிறவரை மனைவி காத்திருப்போர் பெஞ்சில் உட்கார்ந்து நிம்மதியாகக் குறட்டை விட்டாள். கடைசியில் என் போனில் புள்ளி நீலமானபோது, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துப் பெட்டி இருக்கிற இடத்தைத் தொட்டுக் கும்பிட்டேன். மெக்கானிக் பார்த்துவிட்டார்.

"இதுல முன்ன இருந்தத விட ஜாஸ்தி குடுத்திருக்காங்க சார். சார்ஜ் எவ்ளோ ஏறணும்னு போன்லயே வெச்சிக்கலாம். பார்க்கிங்ல வண்டி தெரியலன்னா ஹாரன்கூட அடிக்கலாம்."

என் கையில் இதையெல்லாம் கொடுத்திருக்கக் கூடாது.

மனைவி மலை மேலே எப்போதும் எண்பது சதவீதத்தோடு சார்ஜை நிறுத்திவிடுவாள். காரிலேயே அப்படி வைத்திருந்தாள். ஏன் என்று என்றைக்கோ சொல்லியிருக்கிறாள். நான் அப்போது போனில் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன். எனக்கு அந்த எண்பது உறுத்திக்கொண்டே இருந்தது. நாங்கள் எலவனாசூர்கோட்டைப் பக்கம் விவசாயக் குடும்பம். பம்புசெட்டுக்கு மும்முனைக் கரண்டு வருகிற நேரத்தில் வந்தால்தான் உண்டு. வந்துவிட்டால் கிணறு வற்றுகிற வரை மோட்டாரை நிறுத்த மாட்டோம். தொட்டி வழிந்தாலும் பரவாயில்லை, கரண்டு இருக்கும்போதே ரொப்பிக்கொள்ள வேண்டும். எனக்கு நடக்கத் தெரிவதற்கு முன்பே இது தெரியும்.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் மலை மேலே மேகம் கறுத்துக்கொண்டு இருந்தது. மழை வந்தால் மேலே முதலில் போவது கரண்டு. போனைப் பார்த்தேன். கார் ஒயரில்தான் இருக்கிறது, எண்பதில் நின்று சும்மா இருக்கிறது. எனக்குத் தாங்கவில்லை. விரலால் ஒரு தள்ளு. நூறு. சாயங்காலத்துக்குள் தொட்டி நிறைந்த மாதிரி நிறைந்துவிட்டது. கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் டீ சொன்னேன்.

டியூட்டி முடிந்து அவள் கிளம்பினாள். புள்ளி நகர்ந்தது. முதல் சில வளைவுகள். பிறகு வழக்கத்தைவிட மெதுவாக. பிறகு நின்றது.

எந்த வளைவு என்று எனக்கு மேப் சொல்லத் தேவையில்லை.

அவள் போனுக்கு அடித்தேன். அதே பெண், அதே இனிமை. தொடர்பு எல்லைக்கு வெளியே. அந்த இடத்தில் அவள் கையில் இருக்கும் போனுக்கு சிக்னல் கிடையாது. காரின் கூரையில் இருக்கும் ஆன்டெனாவுக்கு மட்டும் எங்கிருந்தோ கிடைக்கிறது. கார் என்னிடம் பேசியது. பேட்டரி தொண்ணூற்றொன்பது. டிரைவர் டோர் ஓப்பன்.

மணலூர்பேட்டையிலிருந்து கரும்புக்கு உரம் வாங்க வந்தவர் எதிரே நின்றார். "இன்னா சார், மூட்டைய எறக்காம மூஞ்சிய எறக்கிக்கினு நிக்கிற?"

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கடையைச் சாத்தவில்லை. கச்சிராயபாளையம் தாண்டி, அணையைத் தாண்டி, பாதை மேலே திரும்புகிற இடத்தில் ஸ்கூட்டர் நின்றது. ரிப்பேர் இல்லை. நான்தான் நிறுத்தினேன். கால் இரண்டையும் தரையில் ஊன்றிக்கொண்டேன். மேலே போக வேண்டும். மேலே என் மனைவி. கதவு திறந்து கிடக்கிறது. ஒரு ஆள் தானாகக் கதவைத் திறந்தாலும் அது திறக்கும். அடிபட்டுத் திறந்தாலும் அது திறக்கும். போன் இரண்டுக்கும் ஒரே வார்த்தையைத்தான் வைத்திருக்கிறது.

என்னால் ஏற முடியவில்லை. தூறல் ஆரம்பித்தது. சட்டைக்குள் போனை மறைத்துக்கொண்டு, கையில் கிடைத்ததை எல்லாம் அமுக்கினேன். ஏசி ஓடியது. விளக்கு எரிந்தது. பிறகு ஹாரன். வட்டம் சுற்றிச் சுற்றி, ஹாரன் அடித்தாயிற்று என்று எழுத்து வந்தது. மலையே அலறுகிற ஹாரன், எனக்குக் கேட்கவில்லை. மறுபடியும் அடித்தேன். மறுபடியும். மலை ஏறத் துப்பில்லாதவன் அடிவாரத்தில் நின்று, மேலே குரங்குகளைப் பயமுறுத்திக்கொண்டிருக்கிறேன்.

அப்போது எழுத்து மாறியது. டிரைவர் டோர் க்ளோஸ்டு.

பார்த்துக்கொண்டே இருந்தேன். டோர் ஓப்பன். டோர் க்ளோஸ்டு. ஓப்பன்.

காற்று இப்படி அடிக்காது. ஹாரனை ஒரு தரம் அடித்தேன். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு கதவு சாத்தியது, திறந்தது. இரண்டு தரம் அடித்தேன். இரண்டு தரம் சாத்தித் திறந்தது. ஸ்கூட்டரை விட்டுவிட்டு ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். கல்யாணமான இத்தனை வருஷத்தில் நாங்கள் சண்டை இல்லாமல் இவ்வளவு நேரம் பேசியது அன்றைக்குத்தான்.

இருட்டுவதற்கு முன்னால் கார் சத்தமில்லாமல் என் பக்கத்தில் வந்து நின்றது. கருகின வாடை. அவள் இறங்கி, சக்கரத்தின் பக்கம் கையை நீட்டிச் சூடு பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நூறு யாரு வெச்சது?"

கோபம் வந்தால் அவள் பேச்சில் அந்த மரியாதை 'ங்க' உதிர்ந்துவிடும்.

"கரண்டு பூடுமேன்னு..."

"எறக்கத்துல காலெடுத்தா வண்டி தானா இழுத்துப் புடிக்கும். அதுல வர்ற கரண்டு பேட்டரிக்குள்ள போவணும். பேட்டரி ரொம்பிக் கெடந்தா எங்க போவும்? அதனால புடிக்கல. மொத வளைவுல காலெடுக்கிறேன், வண்டி பாட்டுக்குப் போய்க்கினே இருக்குது. அப்புறம் எல்லா வளைவுக்கும் பிரேக்குதான். வாட வந்துட்டுது. மிதிச்சா பஞ்சு மாதிரி உள்ள போவுது. அங்கதான் கொஞ்சம் அகலமா இருந்துச்சு. ஓரங்கட்டி, கல்லு வெச்சி, ஆறட்டும்னு நின்னேன். கதவத் தொறந்துட்டு உக்காந்துகினு இருக்கேன், கார் தானா கத்துது. உயிரே போயிட்டுது. அப்புறந்தான் அடிக்கிறது யாருன்னு வெளங்குச்சு, கதவ ஆட்டுனா போன்ல காட்டும்னு ஆட்டுனேன்."

நான் ஏதோ நகைச்சுவையாகச் சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. ஒன்று மட்டும் தெரிந்தது. தம்பி விழுந்த இடத்துக்கு அவளையும் நான்தான், இங்கே கடையில் உட்கார்ந்தபடி, ஒரு விரலால் தள்ளியிருக்கிறேன்.

"கீழ எட்டிப் பாத்தேன்," என்றாள், குரல் தணிந்து. "உங்க தம்பி கெடந்த எடம். ஒண்ணுமில்லீங்க அங்க. உண்ணிச்செடியாதான் இருக்குது."

'ங்க' திரும்பி வந்துவிட்டது. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

போனை எடுத்து எண்பதுக்குத் தள்ளச் சொன்னாள், அவள் எதிரிலேயே. தள்ளினேன். "இனிமே இதத் தொட்டா பாத்துக்கோங்க," என்றாள். பெட்டியைக் கழற்றிவிடலாமா என்று கேட்டேன். "இன்னாத்துக்கு? அங்க நிக்கும்போது அது ஒண்ணுதானே கேட்டுச்சு. பெட்டி இருக்கட்டும். திங்கக்கெழம நீங்க என்கூட மேல வர்றீங்க. ஒரு தரம். அப்புறம் எப்படியோ இருங்க."

சர்வீஸில் பிரேக்கை மாற்றிக்கொண்டு வந்தார்கள். திங்கட்கிழமை போனேன். அவள் ஓட்டினாள். உள்ளே உட்கார்ந்ததுமே என் போன் டவர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று ப்ளூடூத்தில் காரோடு ஒட்டிக்கொண்டது. வழியெல்லாம் நான் பேசிக்கொண்டே வந்தேன். எனக்குப் பயம் வந்தால் வாய் நிற்காது. கரும்பு, உர விலை, கறிக்கடைக்காரர், எல்லாம் பேசினேன். அந்த வளைவில் அவள் ஓரங்கட்டினாள். என் வாய் நின்றது.

"எறங்கறீங்களா?"

தலையை ஆட்டினேன். கால் வரவில்லை. கண்ணாடி வழியாகப் பார்த்தால் சாலை ஓரத்துக் கல்லும், அதற்கு அப்பால் வெறும் வெளிச்சமும்தான் தெரிந்தது. அவள் அவசரப்படுத்தவில்லை. ஸ்டியரிங் மேல் கையை வைத்துக்கொண்டு நேரே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கதவைத் திறந்தேன். சாத்தினேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் திறந்தேன்.

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. பாசெஞ்சர் டோர் ஓப்பன்.